வால் நீண்ட முடிச்சு

காலையில் விழிப்பு வந்ததும் சுதர்ஷன் நாக்கை வளைத்துக் கீழ் வரிசையின் வலது கடைவாய்க்குக் கொண்டுபோவான். நூல் இருக்கிறதா என்று பார்ப்பான். இருந்தால்தான் கண்ணைத் திறப்பான். பிறகு குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, கைபேசி வெளிச்சத்தை வாய்க்குள் அடித்து, விரலால் கன்னத்தை ஒதுக்கிப் பார்ப்பான். கறுப்புப் பட்டு நூல். ஈறுக்குள் புதைந்து, முடிச்சுகள் மட்டும் எறும்பு மாதிரி வெளியே தெரியும். ஒவ்வொரு முடிச்சின் வாலும் தேவைக்கு மேல் நீளமாய், கன்னத்தின் உட்புறத்தைக் குத்திக்கொண்டிருக்கும்.

ஒரு வாரத்திலோ பத்து நாளிலோ பிரித்திருக்க வேண்டிய தையல் அது. மழை தொடங்கிய நாட்களில் போட்டது. இப்போது மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் ஓணத்துக்கு வாழைக்குலை வந்து இறங்குகிறது. தையல் அப்படியே இருக்கிறது. போட்டவள் இல்லை.

ஸுப்ரியா அவன் மனைவி. காயலுக்கு அந்தப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறு நோய்ப் பிரிவில் மேற்படிப்பு, கடைசி வருஷம். மேற்படிப்பு என்றால் புத்தகம் படித்துப் பரீட்சை எழுதுவது என்றுதான் சுதர்ஷன் நினைத்திருந்தான். அது போதாதாம். அறுவை சிகிச்சை தேவைப்படுகிற மாதிரி ஈறு கெட்டவர்களைத் தேடிப் பிடித்து, அறுத்து, தைத்து, ஆறுகிறவரை தொடர்ந்து பார்த்துக் காட்ட வேண்டுமாம். அப்படிக் கெட்டவர்கள் ஊரில் ஏராளம். கத்தி என்றதும் எழுந்து ஓடிவிடுவார்கள்.

"வழியில சிரிக்கறவா எல்லார் வாயையும் பாத்துண்டே நடக்கறேன். இன்னிக்கு பஸ் கண்டக்டர் சில்லறை தரச்சே சிரிச்சார். கீழ முன்பல் ரெண்டும் ஆடறது. இறங்கற வரைக்கும் அவர் பின்னாலயே நின்னேன்," என்றாள் ஒரு நாள், தோசை வார்த்துக்கொண்டே. "கடைசியில பாத்தா, தேடின கேஸ் ஆத்துலயே உக்காந்து சட்னி கேக்கறது."

அது உண்மைதான். சுதர்ஷனும் அவன் அப்பா வெங்கடேஸ்வரனும் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம். மிளகைக் கடித்துப் பார்த்துத்தான் வாங்குவான். பல் தேய்க்கும்போது ரத்தம் வருவதை அவன் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

"மட்டாஞ்சேரியிலயே மிளகுக்கு நல்ல நாக்கு உங்களுக்கு. ஈறு மட்டும் எலி கடிச்ச சாக்கு," என்றாள்.

"சரி, பண்ணிக்கோ. ஆனா ஒரு கண்டிஷன்."

"என்ன, மயக்க மருந்துக்குப் பதிலா பால் பாயசமா?"

"நீதான் பண்ணணும். முழுக்க. வேற யாரும் என் வாயில கை வைக்கப்படாது."

"வேற யாருக்கு அந்தத் தைரியம் வரும்," என்றாள் ஸுப்ரியா. "சத்தியம். நான்தான். போருமா?"

முதல் வருஷத்தில் அவள் வாழைப்பழத் தோலில் தையல் பழகியது அவனுக்கு நினைவிருந்தது. இரவு சாப்பாட்டுக்குப் பின் மேசையில் தோலைப் பரப்பி, கத்தியால் கீறி, வளைந்த ஊசியால் தைப்பாள். முடிச்சுப் போட்டதும் வாலை ஒட்ட வெட்டுவாள். நீளமாய் விட்டால் கன்னத்தைக் குத்தும், ரொம்ப ஒட்ட வெட்டினால் அவிழ்ந்துவிடும் என்பாள். தைத்த தோலை அவன் முன்னால் தள்ளி, தடவிப் பார்க்கச் சொல்வாள். விரலில் ஒன்றும் தட்டாது.

அறுவை அன்று ஓ.பி.யில் மற்ற நோயாளிகளை மலையாளத்தில் அண்ணா என்று அழைப்பதுபோலவே அவனையும் அழைத்தாள். "சேட்டா, வாய தொறக்கு." பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஊசி போட்டு வலது பக்கம் மரத்ததும், வாய்க்கு மட்டும் ஓட்டை வைத்த பச்சைத் துணியால் அவன் முகத்தை மூடினாள். அதற்குப் பின் எல்லாம் சத்தம்தான். தண்ணீர் உறிஞ்சும் குழாய், வேரைச் சுரண்டுகிற கருவியின் கறகறப்பு, அவள் குரல். "கொஞ்சம்தான் சேட்டா. இன்னும் கொஞ்சம்." கடைசியில் கறகறப்பு நின்றது. அவள் குரலும் நின்றது. ஈறு இழுபடுவது மட்டும் தெரிந்தது. தைக்கிறாள் என்று புரிந்துகொண்டான். அப்போது யாரோ அவன் இடது தாடையைக் கையால் தாங்கிக்கொண்டார்கள். நோயாளி ஆடாமல் இருக்க அப்படிப் பிடிப்பார்கள்போல என்று நினைத்தான். அந்தப் பக்கம் மரக்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

தையலின் மேல் பசை மாதிரி ஒரு கட்டை அப்பி மூடி அனுப்பினாள். ஸ்கூட்டரில் திரும்பும்போது தோப்பும்படிப் பாலத்தில் சொன்னான். ஒரு பக்க உதடு தொங்க, பாதி வார்த்தைகளை விழுங்கிக்கொண்டு சொன்னான். "வால் நீளமா விட்டிருக்கே. கட்டுக்கு அடியிலேர்ந்து குத்தறது."

ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஸுப்ரியா சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். "குத்தட்டும். கொஞ்ச நாளைக்கு என்னை மறக்காம இருப்பேள்."

இரண்டு நாள் கழித்து, அதே பாலத்து இறக்கத்தில், மழையில், அதே ஸ்கூட்டர் சறுக்கியது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் கல்லூரிக்குத் தனியாகப் போயிருந்தாள். வாய் வீங்கியிருக்கிறது, வீட்டில் படுங்கோ என்று அவனைத் தடுத்துவிட்டுப் போனாள்.

காரியம் முடிகிற வரை தையலை யாரும் நினைக்கவில்லை. அவள் வைத்த இளஞ்சிவப்புக் கட்டு தானாகப் பெயர்ந்து கையில் வந்தது. அதைக் காகிதத்தில் மடித்து அலமாரியில் வைத்தான். பதின்மூன்றாம் நாள் கழிந்ததும் கல்லூரியிலிருந்து போன் வந்தது. தையல் பிரிக்க வேண்டும், வாருங்கள் என்றார்கள். வருகிறேன் என்றான். போகவில்லை. மறுபடி வந்தது. பிறகு எடுப்பதை நிறுத்திவிட்டான்.

அவள் துணிகளை மாமியார் வந்து எடுத்துக்கொண்டு போனாள். ஸ்கூட்டரை அப்பா எங்கோ கொடுத்துவிட்டார். தலையணையில் இருந்த வாசம் ஈர மழையில் பூசணமாகிவிட்டது. அவள் கையால் செய்து இன்னும் அவிழாமல் இருப்பது வாய்க்குள் இருக்கிற அந்த நூல் ஒன்றுதான் என்று சுதர்ஷனுக்குத் தோன்றியது. தோன்றியதும் வலது பக்கம் பல் தேய்ப்பதை விட்டான். மெல்லுவதை விட்டான். ஒரு நாள் தயிர்சாதம் சாப்பிடும்போது ஒரு முடிச்சு கழன்று சாதத்தோடு உள்ளே போய்விட்டது. அன்றைக்கு அவன் கையைக்கூட அலம்பாமல் எச்சில் தட்டின் முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். அதிலிருந்து கஞ்சிதான்.

ஈறு வீங்கியது. சீழ் வைத்தது. வாய் நாற்றம் அவனுக்கே தெரிந்தது.

"டேய், ஏலமும் சுக்கும் மணக்கற கடை இது," என்றார் வெங்கடேஸ்வரன். "வரவாள்லாம் மூக்கைத் துடைக்கற மாதிரி துடைச்சுண்டு வெளியில போயிடறா. உன்னைக் கல்லாவுல உக்கார வெச்சா நமக்குப் போட்டிக் கடையே வேண்டாம்."

"நான் குடோன்ல உக்காந்துக்கறேன்."

"குடோன்ல எலி இருக்கு. அதுகள் பாவம்." சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, குரல் இறங்கி, "அவ இருந்தா இப்படி விட்டிருப்பாளாடா?" என்றார்.

சுதர்ஷன் சாவியை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனான்.

அந்த வாரக் கடைசியில் மாரிச்செல்வம் வந்தான். ஸுப்ரியாவின் துறையிலேயே முதல் வருஷ மாணவன். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன்; மலையாளம் சரியாக வராமல் நோயாளிகளிடம் திணறியவனை அவள்தான் பக்கத்தில் நிறுத்திப் பேசக் கற்றுக்கொடுத்தாள் என்பது சுதர்ஷனுக்குத் தெரியும். சாவுக்கு வந்து வாசலில் நின்று அழுதவன். இப்போது படகில் வந்து, படகுத்துறையிலிருந்து நனைந்துகொண்டே நடந்து, குடோன் வாசலில் குடையில்லாமல் நின்றான்.

"போன் எடுக்க மாட்டேங்கறீங்கண்ணே."

"உள்ள வா. சாயா சொல்லட்டுமா?"

"சாயா வேண்டாம். வாயக் காட்டுங்க."

சுதர்ஷன் தலையை அசைத்தான். மாரிச்செல்வம் சுக்கு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தான்.

"பட்டு நூல்ணே அது. ஈரத்த உறிஞ்சி உள்ள கொண்டுபோவும். இத்தன நாள் வெச்சா எலும்பக் கரைக்கும். அக்கா எந்தப் பல்லக் காப்பாத்தணும்னு அறுத்தாங்களோ, அந்தப் பல்லே போயிரும்."

"போட்டும்."

"என்னண்ணே பேச்சு இது?"

"அவ போட்டதுடா. எங்கிட்ட வேற என்ன இருக்கு?" என்றான் சுதர்ஷன். இதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "அது தானா கழண்டு போற வரைக்கும் இருந்துட்டுப் போறது. நீ கையை வைக்காதே."

மாரிச்செல்வம் குனிந்துகொண்டான். சாக்கின் சணல் பிசிறு ஒன்றை இழுத்துக்கொண்டே இருந்தான். பிறகு, "இத நான் சொல்லாமயே போயிரலாம்னுதான் வந்தேன்," என்றான். "அந்தத் தையல் அக்கா போட்டதில்ல."

"என்ன?"

"நான் போட்டது. எங்க துறையில அப்படித்தாண்ணே. சீனியர் அறுத்து, வேரச் சுத்தம் பண்ணி, எல்லாம் முடிச்சதும் கடைசித் தையல ஜூனியர்ட்ட குடுப்பாங்க. பக்கத்துல நின்னு பாப்பாங்க. எனக்கு மனுஷ வாயில அதுதான் மொதத் தையல். வேற யாரும் எனக்குக் குடுக்கல, கை நடுங்குதுன்னு. அக்காதான் ஊசியக் கையில குடுத்து, சைகை காட்டுனாங்க. பேசக்கூடாதுன்னு வாயில வெரல வெச்சாங்க. துணிக்கடியில நீங்க இருக்கீங்கல்ல, கேட்டுருமாம்."

சுதர்ஷனின் நாக்கு தானாக வலது கடைவாய்க்குப் போயிற்று.

"முடிஞ்சப்பறம், நீங்க வெளிய போனதும் சிரிச்சாங்க. 'ஆத்துல சொல்லிடாதே. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன், தெரிஞ்சா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பார்'னாங்க. வால் நீளமா இருக்குன்னு என்னத் திட்டவும் செஞ்சாங்க. வெட்டப் போனப்ப என் கை ரொம்ப நடுங்கிருச்சு. போதும், விடுன்னு சைகை காட்டிட்டாங்க."

வால். பாலத்தில் தோள் குலுங்கச் சிரித்தது. சுதர்ஷனுக்கு அந்தச் சிரிப்பு இப்போதுதான் முழுக்கக் காதில் விழுந்தது. ஏமாற்றியிருக்கிறாள். வீடு வரை சிரித்துக்கொண்டே ஓட்டி வந்திருக்கிறாள். அவனுக்கும் ஏதோ சிரிப்பு மாதிரி ஒன்று கிளம்பியது. வீங்கிய ஈறு வலிக்க, பாதியில் அது வேறாக மாறியது. மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டான். இந்தப் பையனின் நூலுக்காகக் கஞ்சி குடித்திருக்கிறான். இந்தப் பையனின் முடிச்சு தொண்டையில் போனதற்காக எச்சில் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவள் செய்ததென்று வைத்துக்கொள்ள அதுகூட இல்லை.

தரையில் இருந்தபடியே தலையைத் தூக்கி, "அப்போ அவ எங்க நின்னா?" என்று கேட்டான்.

"யாரு?"

"ஸுப்ரியா. நீ தைக்கறச்சே."

"உங்க இடது பக்கம்ணே. தாடையத் தாங்கிப் பிடிச்சிட்டு நின்னாங்க."

சுதர்ஷன் கண்ணை மூடினான். இடது தாடை. அந்தப் பக்கம் மரக்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. தெரிந்தது மட்டுமில்லை, அவை சும்மா இல்லை. சுண்டு விரலில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாகத் தட்டின. அவளுக்கு அது வழக்கம். தோசைக்கல் காயும்போது அடுப்பு மேடையில் தட்டுவாள், சிக்னலில் நிற்கும்போது ஸ்கூட்டர் கைப்பிடியில் தட்டுவாள். இரண்டு கையாலும் தைக்கிறவள் தாடையில் எப்படித் தாளம் போட முடியும் என்று அவன் அன்றைக்கும் யோசிக்கவில்லை, இத்தனை நாளும் யோசிக்கவில்லை. நூலையே பிடித்துக்கொண்டிருந்தான்.

"வா," என்று எழுந்தான். "அடுத்த போட் எப்போ?"

ஓ.பி.யில் அதே நாற்காலி. பக்கத்து நாற்காலிகளில் யார் இருக்கிறார்கள் என்று அவன் பார்க்கவில்லை. மாரிச்செல்வம் சுதர்ஷனின் முகத்தைத் துணியால் மூடவில்லை. விளக்கைத் திருப்பி, உப்புத் தண்ணீரால் கழுவி, இடுக்கியால் வாலைப் பிடித்துத் தூக்கி, கத்தரியை அடியில் நுழைத்தான். ஈறோடு ஒட்டியிருந்ததால் வலித்தது.

"நீளமா விட்டதுக்கு இப்பத்தான் ஒரு உபயோகம். பிடிக்க வசதியா இருக்கு," என்றான். கை நடுங்கவில்லை.

நூல்களை ஒவ்வொன்றாகப் பஞ்சில் வைத்தான். சின்னச் சின்னக் கறுப்புத் துண்டுகள். சீழைக் கழுவி, கீழே குனிந்து பார்த்தான். "நூல் இருந்த எடந்தான் புண்ணு. அடியில ஈறு நல்லா மூடியிருக்குண்ணே. பல்ல ஒட்டி மூடியிருக்கு. அது அக்கா பண்ணது." பஞ்சைக் காட்டி, "நூல் வேணுமாண்ணே?" என்று கேட்டான்.

சுதர்ஷன் வேண்டாம் என்று கையை அசைத்தான்.

மறுநாள் காலை, விழிப்பு வந்ததும் நாக்கு பழக்கத்தில் வலது பக்கம் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. வழவழப்பாய் இருந்தது. அவன் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தான். பிறகு கையை எடுத்து இடது தாடையில் வைத்தான். சுண்டு விரலால் தட்டினான், அடுத்த விரலால் தட்டினான். ஊசியின் கடைசி இழுப்பு வரைக்கும் அவள் தட்டிக்கொண்டிருந்தாள், அது நினைவிருந்தது. எந்த விரலில் நிறுத்தினாள் என்பதுதான் எவ்வளவு முயன்றும் வரவில்லை. மறுபடி சுண்டு விரலிலிருந்து தொடங்கினான்.