சோதனைக்கு எழுதிய நோயாளி

நிறுவன வேலையை உதறிவிட்டுத் தனித்து மென்பொருள் எழுதப் புறப்பட்டவளுக்கு முதல் வாடிக்கையாளராக வாய்த்தவர், பல் மருத்துவரான அவளுடைய சித்தப்பா. நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருள் கேட்டார். ஒப்பந்தம் எழுதலாமா என்றதற்கு, "நமக்குள்ள என்னம்மா காகிதம்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவள் தலையசைத்தாள்.

அதன்பின், "சின்ன பட்டன் ஒண்ணுதான்" என்று தொடங்கிய ஒவ்வோர் அழைப்பும், கட்டி முடித்த வீட்டுக்குள் கிணறு தோண்டச் சொல்வதாக முடிந்தது. "நாலு பேர்கிட்ட சொல்றேன்" என்ற அவர் வாக்கை நம்பி, சினத்தை நீறு பூத்த நெருப்பாக நெஞ்சில் காத்தாள்.

அந்த நால்வரில் ஒருவர் மென்பொருளைப் பார்க்க இன்று சித்தப்பாவின் மருத்துவமனைக்கு வந்திருந்தார். கண் மருத்துவரான ஓர் அம்மையார். அவர் இசைந்தால், உறவின் தயவின்றி அவள் பெறும் முதல் வேலை அதுவாகும்.

"நம்ம வீட்டுப் பொண்ணுதான் டாக்டர். வேலைய விட்டுட்டு சும்மா உக்காந்திருந்தா. பொழுது போகட்டுமேன்னு நான்தான் குடுத்தேன்," என்றார் சித்தப்பா.

பல் மருத்துவமனையில் அமர்ந்து பல்லைக் கடிப்பதன்றி அவளுக்கு வேறு வழியில்லை.

அம்மையார் அவளுடைய மடிக்கணினியில், நோயாளியின் பெயரைத் தேடும் கட்டத்தில் 'சி' என்று தட்டினார். திரையில் ஒரு வரி எழுந்தது.

பெயர்: சித்தப்பா. நோய்: நாக்கு நீளம். சிகிச்சை: அறுத்துவிடவும்.

மென்பொருளைச் சோதிக்கப் பொய் நோயாளிகளை எழுதிப் பார்ப்பது தொழில் வழக்கம். ஏதோ ஒரு பட்டனுக்கான அழைப்பு முடிந்ததும் கோபம் விரல்வழி இறங்க, எழுதியது அது. அழிக்க மறந்திருந்தாள்.

"என்னம்மா இது?" சித்தப்பா திரையைச் சுட்டினார்.

"சோதனைக்கு எழுதினது. அழிக்காம விட்டது என் தப்பு."

"எழுதினது?"

"அது தப்பில்ல சித்தப்பா. சும்மா உக்காந்திருந்தவளா ராப்பகலா இத செஞ்சா?"

அம்மையார் சிரிக்கவில்லை. "வேலை சுத்தமா இருக்கும்மா. உன் கோவமும் நியாயம்தான். ஆனா என் நோயாளிங்க பேரு இருக்கற இடத்துல அத கொண்டாந்து வெச்சிடுவியோன்னு பயமா இருக்கு," என்று கைப்பையை எடுத்துக்கொண்டார்.

கதவு மூடியது. அம்மையார் சொன்னது அத்தனையும் உண்மை என்பதே அவளை இன்னும் சுட்டது. அந்த வரியைத் தன் கையாலேயே அழித்தாள்.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "போனா போறாங்க, விடு. வந்ததுதான் வந்த, அந்த நீல பட்டன மட்டும் பச்சையாக்கிட்டுப் போ."

அவள் மடிக்கணினியைப் படீரென மூடினாள்.

"காகிதம் எடுங்க சித்தப்பா. பச்சைன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போடுங்க. அப்புறம் தொடறேன்."