குழாய்க் கம்பத்துக்கு ஒரு தட்டு

டெக்சாஸில் வெர்னா குடும்பத்தார் நடத்தும் கேரவன் பூங்காவில், வீட்டு வண்டியோடு வருபவர்கள் தங்கும் இடத்தில், ஒரு வழக்கம் உண்டு. வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி நிறுத்தும்போது அங்குள்ள தண்ணீர்க் குழாய்க் கம்பத்தை இடித்தவர், அன்றைய விருந்தில் மேடையேறிப் பாட வேண்டும். வெர்னாவின் புருஷன் லைல் பிடில் வாசிப்பான்.

வெர்னாவின் சிநேகிதி இமோஜினின் வண்டி வாசலில் நுழைந்ததுமே எல்லோரும் மடக்கு நாற்காலிகளோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். வருஷா வருஷம் வண்டியை நிறுத்துவது அவள் புருஷன்தான். போன கோடையில் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்த வெர்னாவுக்கு மனசு பொறுக்கவில்லை. “இறங்குடி, நான் விடறேன்.”

“போடி, உன் கறி அடுப்புல கருகுது. அதைப் போய்ப் பாரு!”

இமோஜின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி ஒரே மூச்சில் பின்னால் வந்தாள். அவ்வளவு பெரிய வண்டி, கோடு போட்டது போல் நின்றது. கைதட்டல் அடங்கவே இல்லை. தானே ஓட்டியது போல் வெர்னாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“யாரும் இடிக்கல, இன்னிக்குப் பாட்டு இல்லாமப் போச்சே!” என்றான் லைல்.

இமோஜின் மறுபடி வண்டியைக் கிளப்பினாள். நிதானமாகப் பின்னால் வந்து, கம்பத்தை மெல்ல ஒரு தட்டுத் தட்டினாள்.

“என்ன பாக்குற லைல்? பிடிலை எடு.”