நான் ஊட்டிய துண்டு

என் பிழைப்பே வாய்தான். சனிக்கிழமைதோறும் பத்துப் பேரை வேனில் ஏற்றிக்கொண்டு, எங்கள் வட்டாரத்தில் சீஸ் செய்கிற ஒரு பண்ணை, அதை விற்கிற ஒரு கடை, அதை வைத்துச் சமைக்கிற ஓர் உணவகம் என்று சுற்றிக் காட்டுவேன். வழியெல்லாம் பேசுவேன். நான் இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் டிரைவர் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்ப்பார்.

கிளம்புவதற்கு முன் வேன் கதவருகே நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் யாராவது இருக்கிறார்களா, கர்ப்பிணிகள் யாராவது இருக்கிறார்களா? காய்ச்சாத பாலில் செய்கிற மெத்தென்ற சீஸ் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இதை மொட்டையாகக் கேட்டால் வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பதுபோல இருக்கிறதென்று நான் அதையும் ஒரு வேடிக்கையாக்கி வைத்திருந்தேன்.

“மாசமா இருக்கறவங்க கை தூக்குங்க” என்றேன் அன்றைக்கும். முன் இருக்கையில் தொப்பையும் தொப்பியுமாக ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். “சார், உங்களுக்கு எத்தனாவது மாசம்?” வேனே சிரித்தது. அவரும் வயிற்றைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

கடைசி இருக்கையில் இருந்த என் தங்கையை மட்டும் நான் பார்க்கவில்லை. பென்சில், நகம், சட்டைக் காலர் என்று எதையும் கொறிப்பதால் சின்ன வயதிலேயே அவளுக்கு எலி என்று பெயர் வைத்தது நான்தான். அவளுக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் கலைந்துவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் இங்கிதம் என்று நினைத்தேன். அதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. மூன்று வாரமாக ஏதேதோ சாக்குச் சொன்னவளை நச்சரித்து வரவழைத்திருந்தேன்.

முதலில் ஆட்டுப் பண்ணை. பண்ணைக்காரர் நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் ஐந்தாவதற்கு மூச்சு வாங்கும் மனிதர். எல்லோரும் கை கழுவி, வெள்ளை அங்கி மாட்டி, சீஸ் பழுக்க வைக்கிற குளிர் அறைக்குள் போனோம். ஈரச் சுவர் வாசனை. மரப்பலகைகளில் வெள்ளைத் தோல் போர்த்திய சின்னச் சின்ன வட்டங்கள். ஒவ்வொரு பலகையிலும் சாக்பீஸால் தேதி. ஒரே ஒரு பலகையில் மட்டும் சிவப்புக் கிளிப்.

“அதைக் கொடுங்களேன், பளபளன்னு இருக்கு” என்றேன்.

“அது வேணாம். லேப் ரிசல்ட் வரலை.”

“எப்ப வருமாம்?”

“இன்னைக்குச் சொல்வாங்க.”

“இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது உங்க சீஸ் ஃபெயில் ஆகியிருக்கா? என் தங்கச்சி இன்னைக்குத்தான் வந்திருக்கா. பழசைக் கொடுத்து என் மானத்தை வாங்காதீங்க.”

அவர் கிளிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு வட்டத்தை எடுத்து வெட்டினார். உள்ளே வெண்ணெயாக வழிந்தது. ஆளுக்கு இரண்டு துண்டு.

எலியின் தட்டு நான் திரும்புவதற்குள் காலி. “பார்த்தீங்களா, பேருக்கேத்த ஆள்” என்றேன் எல்லோரிடமும். என் பங்கில் நடுப்பாகமாக ஒரு துண்டை விரலால் வழித்தேன். “வாயைத் திற.”

“போதும்க்கா.”

“அட, திறடி.”

பண்ணைக்காரர் கத்தியைப் பிடித்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவள் வாயைத் திறந்தாள். நான் ஊட்டினேன். விழுங்கினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்தது ஊருக்குள் ஒரு சீஸ் கடை. கடைக்காரம்மா கம்பியால் பெரிய சக்கரங்களைச் சீவிச் சீவிக் கொடுத்தார். எலி கைப்பையைத் திறப்பதும் மூடுவதுமாக ஒரு மூலையில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது. வேனில் வந்த களைப்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன். எதற்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

மதியம் உணவகத்தில் நீள மேசை. அடுப்பிலிருந்து சீஸ் உருகிக் கொப்பளிக்கிற தட்டுகள் வர ஆரம்பித்த நேரத்தில் என் போன் அடித்தது. பண்ணைக்காரர்.

“சாப்பிட்டவங்ககிட்ட சொல்லிடுங்க” என்றார். “அந்தப் பலகையில கிருமி இருக்காம். லேப்ல இருந்து இப்பதான் சொன்னாங்க. பெரியவங்களுக்குக் காய்ச்சலோட போயிடும். வயித்துல குழந்தை இருந்தா குழந்தையையே எடுத்துடுமாம்.” அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. “நான் கொடுத்திருக்கக் கூடாது” என்றார்.

கேட்டது நான்தானே. சமையலறை வாசலில் நின்று இரண்டு முறை மூச்சை இழுத்து விட்டேன். நல்லவேளை, கர்ப்பிணி யாரும் இல்லை. கேட்டோமே, யாரும் கை தூக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டே மேசைக்கு வந்தேன். விஷயத்தைச் சொன்னேன். காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பாருங்கள், வயதானவர்கள் இன்றைக்கே பாருங்கள் என்றேன். “மாசமா இருக்கறவங்க...” என்று தொடங்கியபோது யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

எலியின் நாற்காலி காலியாக இருந்தது.

கழிப்பறையில் முகம் கழுவும் தொட்டிமேல் குனிந்து, தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. வெறும் எச்சில்தான் வந்தது.

“எலி, எத்தனை வாரம்?”

“ஒன்பது.”

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவள் கைப்பையைத் திறந்து கவிழ்த்தாள். டிஷ்யூ காகிதத்தில் மடித்த சின்னப் பொட்டலங்கள் விழுந்தன. பண்ணையில் கொடுத்த இரண்டு துண்டு, கடையில் கொடுத்த மூன்று. எல்லாம் நசுங்கி எண்ணெய் விட்டிருந்தன.

“அடிப்பாவி, ஒண்ணையுமே தின்னலையா?” எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “எமகாதகிடி நீ. உயிரே போயிடுச்சு எனக்கு.”

அவள் சிரிக்கவில்லை.

“நீ ஊட்டினதை மட்டும்தான் முழுங்கினேன்” என்றாள்.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதை இறுக்கி மூடினேன்.

“துப்பியிருக்கலாமே.”

“அத்தனை பேர் முன்னாடியா?”

“என்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமேடி.”

“உன்கிட்ட மட்டும் எப்படிக்கா சொல்றது? முதல் தடவை சொன்னேன், அன்னைக்கே சித்திங்க எல்லாருக்கும் தெரிஞ்சது. ரெண்டாவது தடவை இதே வேன்ல மைக்ல சொன்னே. கலைஞ்சப்புறம் எத்தனாவது மாசம்னு கேட்டவங்களுக்கெல்லாம் நான்தானே பதில் சொன்னேன்?” குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். “மூணு மாசம் முடியட்டும்னு இருந்தேன். வரமாட்டேன்னு இன்னும் ஒரு தடவை சொன்னா ஏன்னு தோண்டுவே.”

தோண்டித்தான் இருப்பேன்.

அன்று சாயங்காலமே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். இப்போது ரத்தம் எடுத்தால் ஒன்றும் தெரியாதாம். “காய்ச்சல் வருதான்னு பாருங்க. நாளைக்கே வரலாம், ரெண்டு மாசம் கழிச்சும் வரலாம். வந்தா ஒரு மணி நேரம்கூட வீட்டுல இருக்காதீங்க.”

“வராமயே போகலாமா டாக்டர்?”

“போகலாம். ஒரு துண்டுதானே. ஆனா உறுதியா சொல்ல முடியாது.”

வெளியே வந்ததும் எலி என் மணிக்கட்டைப் பிடித்தாள். “அம்மாகிட்ட மூச்சு விடாதே.” நான் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் வாத்தியார் போன் செய்தார். இரண்டு நாளாகக் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாம், ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிச் சரியாகிவிட்டதாம். “பிரசவம் முடிஞ்சுது” என்று அவரே சிரித்தார். அதுவரை லேப்காரர்கள் தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்று ஒரு நப்பாசை இருந்தது. அன்றோடு அது போயிற்று.

தினமும் காலை ஏழு மணிக்கு எலியிடமிருந்து ஒரு எண் மட்டும் வரும். 98.2. 98.4. 97.9. அது வரும்வரை நான் பல்கூடத் தேய்க்க மாட்டேன். ஒருநாள் ஏழே கால் ஆகியும் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. வீட்டு உடுப்போடு, கால்களில் வெவ்வேறு செருப்போடு அவள் வீட்டுக்கு ஓடினேன். மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் கை வைக்கப் போய், கையை இழுத்துக்கொண்டேன். அந்தக் கையைக் கண்டாலே எனக்குப் பயமாக இருந்தது.

அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டாள், “ஏன்டி இளைச்சுட்டே, வாயே திறக்க மாட்டேங்கறே?” தொண்டை வலி என்றேன். பண்ணைக்காரர் சிவப்புக் கிளிப் பலகைகளைத் தனி அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவியை என் கண்ணில்கூடக் காட்டுவதில்லை. வேனில் நான் இப்போது அந்தக் கேள்வியை வாயால் கேட்பதில்லை. ஆளுக்கொரு சீட்டுக் கொடுக்கிறேன். எழுதி மடித்துத் தந்தால் போதும், நான் மட்டும் பார்ப்பேன். போன வாரம் ஒரு பெண் ‘ஆமாம், என் கணவருக்கே இன்னும் தெரியாது’ என்று எழுதியிருந்தாள். அவளுக்கு உணவகத்தில் நன்றாக வெந்ததை மட்டும் பரிமாறச் சொன்னேன். அந்தச் சீட்டைக் கிழித்துத் தண்ணீரில் போட்டேன்.

அறுபத்தோராம் நாள் எலி என் வீட்டுக்கு வந்தாள். அன்று காலை எண் 98.4. வயிறு லேசாக மேடிட்டிருந்தது. அம்மாவிடம் அவளே சொல்லிவிட்டாளாம். சமையலறை நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, “பசிக்குதுக்கா” என்றாள்.

உருளைக்கிழங்கை வேகவைத்தேன். வெந்த பிறகும் பத்து நிமிடம் கொதிக்கவிட்டேன். உப்புப் போட்டு மசித்துத் தட்டையும் ஸ்பூனையும் அவள் முன்னால் வைத்தேன்.

அவள் ஸ்பூனைத் தள்ளிவிட்டு வாயைத் திறந்தாள்.

“நீயே சாப்பிடு.”

“ஊட்டுக்கா. ரெண்டு மாசம்தான் முடிஞ்சுபோச்சே.”

கையைக் கழுவினேன். திரும்பவும் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவள் வாயை மூடவே இல்லை. ஒரு வாய் எடுத்தேன். கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, விரலோடு சேர்த்துக் கவ்வி, சப்புக்கொட்டித் தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அவள் உதடு என் விரலில் சூடாகப் பட்டது.

“எலி, தெர்மாமீட்டரை எடு” என்றேன்.