வண்டிக்கு என் மேல் வந்த சந்தேகம்

அந்த வண்டி தானாகவும் ஓடும், நான் ஓட்டினாலும் ஓடும். மணிக்கட்டில் கட்டிய பட்டை என் நாடியையும் வியர்வையையும் பார்த்துக்கொண்டே இருக்கும். நாடி ஏறி, இவள் பயப்படும் கற்றுக்குட்டி என்று தோன்றினால் வண்டியே ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்ளும். தேர்வுப் பாதையில் ஒரு முழுச் சுற்று என் கையிலேயே விட்டுவைத்தால்தான் எனக்கு ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை.

துணைக்கு என்று அண்ணன் தினமும் பக்கத்தில் ஏறிக்கொள்வான். பாலத்தடி வளைவில் மட்டும் வண்டி தினமும் ஸ்டியரிங்கைப் பிடுங்கியது. எனக்கோ அங்கே பயமே இல்லை. பிறகு ஏன் நாடி ஏறுகிறது?

அன்று பக்கத்து இருக்கையையும் ஓரக்கண்ணால் கவனித்தேன். வளைவு நெருங்கியதும் அண்ணனின் வலது கால், அவன் பக்கம் இல்லவே இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. நான் கவனிக்காததை என் உடம்பு இத்தனை நாளும் கவனித்திருக்கிறது.

"அண்ணா, அங்க பிரேக் கிடையாது."

"தெரியும். கால் கேக்க மாட்டேங்குது."

"அப்ப காலைத் தூக்கி மேல வை."

அடுத்த சுற்றில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையில் சம்மணம் போட்டான். வளைவு வந்தது. ஸ்டியரிங் என்னிடமே இருந்தது. வளைவைத் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். கண்ணை இறுக மூடி, இரண்டு கால் கட்டைவிரல்களையும் கெட்டியாகப் பிடித்திருந்தான். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. உடனே வண்டி ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டது.

"அது சிரிப்புன்னு சொல்லுடி அதுகிட்ட!"

எப்படிச் சொல்வது? பயமும் சிரிப்பும் அதற்கு ஒரே கணக்கு. அண்ணனை ஓரமாக இறக்கிவிட்டு, சுற்றை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.