இரண்டாவது சிலிண்டருக்கு வைத்த பொட்டு

1

இந்தக் கதை ஒரு வெடிச் சத்தத்தில் பிறந்தது. சரியாகச் சொன்னால், சத்தம் அடங்கிய பிறகு எழுந்த பேச்சில் பிறந்தது.

கோவில்பட்டியில் எங்கள் தெருக்காரர்கள் வெடிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்துவதில்லை. வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்போம், தீப்பெட்டி ஆபீஸ் — தொழிற்சாலைக்கு எங்கள் ஊர்ப் பேர் — இருக்கிற திசையில் புகை எழுகிறதா என்று. இல்லை என்றாலும், அன்றைக்கு வேலைக்குப் போனவர்களைப் பேர் சொல்லி விசாரிப்போம். அப்புறம்தான் மூச்சு விடுவோம். அந்த மார்கழிக் காலையிலும் அப்படித்தான்.

"புகை தெரியுதா?"

"இல்லக்கா."

"உமா போயிருக்காளா?"

"அவ விடியவே போயாச்சு."

"எந்தப் பக்கம் கேட்டுது?"

"ஆபீஸ் கேட்டுப் பக்கம். ஏதோ லோடு வண்டி சைலன்சர் வெடிச்சிருக்காம்."

"பாழாப் போற வண்டி! ஈரக்கொலை நடுங்கிப் போச்சு."

எனக்குக் கதை இப்படித்தான் வரும், குரல்களாக. முகம் பிறகு வரும், சிலருக்கு வராமலே போகும். 'இவர் கதைகளில் ஒரு மரம்கூட இல்லை, எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்' என்று ஒரு விமர்சகர் எழுதினார். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். பாராட்டை யார்தான் தூக்கிப் போடுவார்கள்?

சாயங்காலம் பக்கத்து வீட்டு உமாதேவி நொண்டிக்கொண்டு வந்தாள். அவள் அந்த ஆபீசில் பெட்டியில் குச்சி அடைக்கிறவள். சத்தம் கேட்டதும் கொட்டகைப் பெண்கள் மொத்தமாக வெளியே ஓடியிருக்கிறார்கள். இவள் படியில் விழுந்து முட்டி பெயர்ந்துவிட்டது.

"யாரு வண்டி?"

"கடம்பூர் பொன்மணியாம். மருந்து முக்காத வெள்ளைக் குச்சி ஏத்திட்டு வருவால்லா, அவதான்."

வண்டிக்காரியைத் திட்டிவிட்டு வரலாம் என்றுதான் மறுநாள் கிளம்பினேன். கதை எழுதுகிற உத்தேசம் இல்லை.*

* தலைப்பிலேயே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்பது தெரியும். துப்பறியும் கதை வேண்டுகிறவர்கள் மன்னிக்கவும். சத்தம் எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்கு எப்போதும் முதல் கேள்வி இல்லை.

2

தொடக்கம் (அடித்தது): கரிசல் மண் கோடையில் வெடிப்பது போல அந்த வண்டியின் என்ஜின்—

கரிசல் மண் சத்தம் போட்டா வெடிக்கிறது? வயதாக ஆக உவமைகள் கூப்பிடாமல் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. எழுந்திருக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடக்கம் (இதுவும் அடித்தது): பொன்மணி கணவனை இழந்தவள். வாழ வழியில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்த அந்த அபலை—

இதைப் பொன்மணியிடமே வாசித்துக் காட்டினேன்.

"யாரு பெரியம்மா புருசனை இழந்தது? அவரு குளத்தூர் உப்பளத்துல குத்துக்கல்லாட்டம் நிக்காரு."

"கதைக்குக் கொஞ்சம் இரக்கம் வேணுமேன்னு பாத்தேன்."

"இரக்கம் வேணும்னா வேற ஆளைப் பாருங்க. நான் வழியில்லாம வண்டி ஓட்டலை. பிடிச்சுப் போயி ஓட்டுதேன். எழுதுனா கெத்தா எழுதுங்க, இல்லன்னா விடுங்க."

ஆகவே கெத்தாக எழுதுகிறேன்.

3

எட்டயபுரம் ரோட்டில் மெக்கானிக் சேக் முகம்மதுவின் பட்டறை. வண்டி அங்கே நிற்கிறது என்று கேள்விப்பட்டு நான் போனபோது உச்சி வெயில். ஒரு சின்ன லோடு வண்டி, நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, என்ஜின் மூடி திறந்து நின்றது. அதன் முன்னால் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என் வண்டியில குத்தம் இல்ல பாய். பெட்ரோல்ல குத்தம்."

"அதே பங்க்குல ஊரே பெட்ரோல் போடுதே. ஊரா வெடிக்குது?"

"வேற எங்கனயும் வெடிக்கலையே! ஆபீஸ் கேட்டுல மட்டும் ஏன் வெடிக்குது? அந்த உச்சிமாகாளி அண்ணாச்சி கண்ணு வச்சிட்டாரு."

"வாட்ச்மேன் கண்ணு வச்சா உனக்கு வயித்த வலி வரும். சைலன்சர் வெடிக்காது."

நான் திட்ட வாயெடுத்தேன். பொன்மணி திரும்பிப் பார்த்தாள். நாற்பதுக்கு மேல் இருக்கும், காக்கிச் சட்டை, அதற்கு மேல் மல்லிகைச் சரம்.

"நீங்க யாரு?"

"உமாதேவிக்குப் பக்கத்து வீடு. அவ முட்டி பேந்து கெடக்கா."

அவள் குரல் இறங்கியது. "தெரியும் பெரியம்மா. கொட்டகையில எல்லாரும் ஒத்துமையாச் சொல்லிட்டாங்க. 'அந்த வண்டி உள்ள வந்தா நாங்க வெளிய'ன்னு. வெள்ளிக்கிழமை காலையில எல்லாருக்கும் முன்னால வண்டியை மிதிச்சு ரேஸ் பண்ணிக் காட்டணுமாம். வெடிச்சா, இனிமே அந்த கேட்டு எனக்குக் கெடையாது."

"நாளைக்கு வெள்ளியாச்சே!"

"அதான் இங்கன நிக்கேன்."

அந்த ஆபீசுக்குள் லோடு வண்டி ஓட்டிப் போகிற பெண் அவள் ஒருத்திதான். அவள் போன பிறகு அந்த இடத்துக்கு இன்னொரு பொம்பளையை விடுவார்கள் என்று நம்புகிறவர்கள் கையைத் தூக்குங்கள். [நான் தூக்கவில்லை.]

சேக் முகம்மது தன் போனை வண்டியில் கம்பியில்லாமல் இணைத்துப் பார்த்தார். முன்னால் நடந்த கோளாறை வண்டி ஞாபகம் வைத்திருக்கும், அதைப் போன் படித்துச் சொல்லிவிடும்.

"ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ்ஸிங்னு சொல்லுது. எரிய வேண்டிய நேரத்துல எரியலையாம்."

"அப்போ சரி பண்ணிருங்க பாய்."

"எங்கன வலிக்குதுன்னுதாம்மா இது சொல்லும். ஏன் வலிக்குதுன்னு சொல்லாது. அதுக்கு சேக் முகம்மதுன்னு ஒருத்தன் வேணும்."

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ஒரு மெக்கானிக் இவ்வளவு எடுப்பாகப் பேசுவாரா? வாசகர்கள் நம்புவார்களா? அவரிடமே கேட்டேன். "நான் பேசுனதுல பாதியத்தான் எழுதியிருக்கீங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். ஆகவே அப்படியே விடுகிறேன்.

4

என் கதைகளில் இதுவரை என்ஜின் பேசியதில்லை. 'தடதட' என்று எழுதிப் பார்த்தேன். பால்காரர் கதவைத் தட்டுவது போல இருந்தது. 'டுர்ர்' என்று எழுதினேன். பேரனின் விளையாட்டுக் கார் போல ஆகிவிட்டது. இரண்டையும் அடித்தேன்.

சேக் முகம்மது என்ஜினை ஓட விட்டபோது கண்ணை மூடிக் கேட்டது ஞாபகம் வந்தது. நான்கு சிலிண்டரும் நான்கு பெண்களாகப் பேசுகின்றன. ஒருத்தி முடிக்க, அடுத்தவள் எடுக்க, முறை தப்பாத பேச்சு. அந்த மத்தியானத்தில் ஒருத்தியும் முறையை விடவில்லை.

"நல்லாத்தானே பேசுது?" என்றேன்.

"அதான் பெரியம்மா நானும் சொல்லுதேன்!" என்றாள் பொன்மணி, ஜெயித்த குரலில்.

சேக் முகம்மது தாடியைச் சொறிந்தார். "கேட்டுக்கு எத்தனை மணிக்குப் போவ?"

"விடியக்காலம்."

"ராத்திரி வண்டி எங்கன நிக்கும்?"

"வீட்டுக்குப் பின்னால, வெட்டவெளிக் காட்டுல. மேல ஓலைகூடக் கெடையாது."

"பனி?"

"மார்கழியில பனி பெய்யாம வெயிலா அடிக்கும்?"

"இங்கன நீ உச்சி வெயில்ல வாரே. அதுக்குள்ள எல்லாம் காஞ்சு போகுது. காய்ச்சல் விட்ட பிறகு டாக்டர்கிட்டப் போற மாதிரி." அவர் இரண்டாவது சிலிண்டரின் தலையில் செருகியிருந்த காயிலைப் பிடுங்கி நாலாவதில் வைத்தார், நாலாவதை இரண்டாவதில் வைத்தார். காயில் என்பது பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கிற கருவி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்று. "இடத்தை மாத்தியாச்சு. ராத்திரி இங்கன வெட்டவெளியில பனியில கெடக்கட்டும். காலையில யாரு ஊமையாகுதான்னு பாப்போம். நாலாவது ஊமையானா குத்தம் காயிலுல. ரெண்டாவதே ஊமையானா குத்தம் என்ஜின்ல."

"என்ஜின்ல இருந்தா?"

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

5

வெள்ளிக்கிழமை காலை. கண்ணாடி முழுக்கப் பனி. பட்டறைக்கு நானும் போனேன். என்னைக் கூப்பிடவில்லை. கதையை நடுவில் விட்டுவிட்டு வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

பொன்மணி சாவியைத் திருப்பினாள். எனக்கு உடனே கேட்டது. மூன்று பேர் பேசினார்கள், ஒருத்தி தன் முறை வந்தபோது வாய் திறக்கவில்லை. மறுபடி மூன்று பேர், மறுபடி ஒரு வெறுமை. வண்டி உடம்பு உதறியது.

சேக் முகம்மது ஒவ்வொரு காயிலின் வயரையும் கழற்றிக் கழற்றி மாட்டினார். பேசுகிறவளின் வாயைப் பொத்தினால் பேச்சு இன்னும் குழறும். பேசாதவளைப் பொத்தினால் ஒன்றும் மாறாது.

முதலாவது. குழறியது.

இரண்டாவது. குழறியது. பொன்மணி கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது. குழறியது.

நாலாவது.

"மாறலை!" என்று நான்தான் முதலில் கத்தினேன். எழுபதை நெருங்கும் காது. இதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

"அல்லா காப்பாத்துனான், என்ஜின் தப்பிச்சுது. குத்தம் காயிலோட கூடவே வந்துட்டு." வண்டியை அணைத்துவிட்டு அவர் அந்தக் காயிலை உருவினார். அதன் அடியில் பிளக்கைக் கவ்வுகிற ரப்பர் குழல். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன்.

மாற்று வரைவு, அ: அவர் பார்த்ததைத் துணியால் துடைத்துவிட்டு, "காயில் பழசாப் போச்சும்மா" என்கிறார். பொன்மணிக்கு எதுவும் தெரியாது. நல்ல மனிதர், நல்ல கதை.

அவரிடம் கேட்டேன். "அப்படி மறைச்சா, அடுத்த வருசம் நாலுக்கும் இம்புட்டுப் பொட்டு அப்புவா. நாலும் ஊமையாயிரும்" என்றார். வரைவு போயிற்று.

மாற்று வரைவு, ஆ: பொன்மணியின் கண்ணிலிருந்து கண்ணீர்—

அவள் அழவில்லை. நடந்தது இதுதான்.

"பொன்மணி, நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைச்சுக்கிட மாட்டியே?"

"ஆயுத பூசைக்கு உங்க பட்டறை வாசல்லதானே பூசணிக்கா ஒடைச்சேன். என்ன தப்பா நினைக்கப் போறேன்? சொல்லுங்க."

அவர் ரப்பர் குழலைக் காட்டினார். அதன் மேல் மஞ்சளாக ஒரு பூச்சு, நடுவில் சிவப்பு. பூச்சின் குறுக்கே தலைமுடி கனத்தில் ஒரு கரிக்கோடு.

"சந்தனம் குங்குமம்," என்றாள் அவள் மெதுவாக. "பூசைக்கு முன்னால எல்லாத்தையும் கழத்தித் தொடச்சேன். நாலுக்கும் பொட்டு வச்சுத்தான் செருகினேன்."

"இதுக்கு மட்டும் ஏன் இம்புட்டு?"

"போன வருசம் மக்கர் பண்ணுனது ரெண்டாவதுதானே பாய். அதான் அதுக்கு மட்டும் கூட ரெண்டு விரல்."

"பனி இந்தச் சந்தனத்துல ஊறுது. கரண்டு பிளக்குக்குப் போகாம, ஈரத்து வழியா ஓடிருது. இந்தக் கரிக்கோடு அதோட தடம். பொறி இல்ல. எரியாத பெட்ரோல் சைலன்சர்ல போயி உக்காந்துக்கிடுது. கேட்டுக்கு முன்னால மேடு, ஏறி மிதிப்ப. கேட்டு வந்ததும் காலை எடுப்ப. அப்போ சூட்டுல அங்கன வெடிக்குது."

பொன்மணி அந்தப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "சாமி பொட்டு எப்படிப் பாய் குத்தமாகும்?"

"பொட்டுல குத்தம் இல்லம்மா. எடத்துலதான். நெத்தியில வச்சா அழகு. கண்ணுக்குள்ள யாராவது பொட்டு வப்பாங்களா?"

இந்த வரி என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. இல்லை.

அவர் நான்கு குழல்களையும் மாற்றினார். கழற்றிப் போட்டதில் அந்தச் சந்தனக் குழலைப் பொன்மணி எடுத்துக் காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். "பெரியம்மா, ஏறுங்க," என்றாள்.

6

தீப்பெட்டி ஆபீஸ் கேட்டு. இன்னும் பனி விலகவில்லை. கேட்டுக்கு உள்ளே, கொட்டகைப் பெண்கள் வெளியே வந்து வரிசையாக நின்றிருந்தார்கள். முன்னால் உமாதேவி, முட்டியில் கட்டோடு. கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தபடி வாட்ச்மேன் உச்சிமாகாளி.

"என்ன பொன்மணி, பெட்ரோல் மாத்திட்டியா?" என்றார் அவர், ஒரு குத்தலோடு.

பொன்மணி இறங்கி அவரைத் தாண்டிப் பெண்களைப் பார்த்தாள்.

"எல்லாரும் கேளுங்க. அன்னிக்கு வெடிச்சது என் வண்டிதான். பெட்ரோல் மேல பழி போட்டேன், அண்ணாச்சி கண்ணு மேல பழி போட்டேன். ரெண்டும் இல்ல. என் கைதான்." பையிலிருந்து குழலை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். "பூசைக்குப் பொட்டு வச்சேன். வைக்கக்கூடாத எடத்துல வச்சிட்டேன். உமா, உன் முட்டிக்கு நாந்தான் காரணம்."

"எங்கன வச்ச?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"கண்ணுக்குள்ள."

சிரிப்பு எழுந்தது. உமாதேவி மட்டும் சிரிக்கவில்லை.

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. மொதல்ல வண்டி பேசட்டும்."

"அதுக்குத்தான் வந்திருக்கேன்," என்றாள் பொன்மணி. தலையை நிமிர்த்திக்கொண்டு வண்டியில் ஏறினாள். நான் பக்கத்து சீட்டிலேயே இருந்தேன். கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

வண்டியைப் பின்னால் எடுத்து, மேட்டில் ஏற்றி மிதித்தாள். நான்கு பெண்களும் முறை தப்பாமல், குரலை ஏற்றி ஏற்றிப் பேசினார்கள். கேட்டு நெருங்கியது. யாரும் காதைப் பொத்தவில்லை. யாரும் அண்ணாந்தும் பார்க்கவில்லை. எல்லோரும் எங்களையே பார்த்தார்கள்.

பொன்மணி காலை எடுத்தாள்.

[இங்கே ஒரு வரி இருந்தது.]

அதை அவளிடம் வாசித்துக் காட்டினேன். நன்றாக வந்த வரி. அவள் தலையை ஆட்டினாள்.

"அதை அடிச்சிருங்க பெரியம்மா."

"ஏட்டி, கதைக்கு முடிவு வேண்டாமா?"

"என் வண்டிக்கு நீங்க எழுத்துல சாட்சி சொல்லணுமா? வெடிக்குதா வெடிக்கலையான்னு தெரியணும்னா, விடியக்காலம் எந்திரிச்சு அந்த மேட்டுல வந்து நிக்கச் சொல்லுங்க. நல்ல பனியா இருக்கிற நாளாப் பாத்து."

அடித்துவிட்டேன். அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. எங்கள் தெரு வழக்கப்படி, வீட்டுக்குள்ளிருந்து நான் கேட்கிறேன். வாசலில் நிற்கிற நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"ஏதும் கேட்டுதா?"