கேட்காமல் வராத வரிசை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் அவர் தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா என்று அவருக்கே தெரியாது. கண் சொக்கும், விரல்கள் மட்டும் கீபோர்டின் மேல் நடமாடிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் கேள்விகள் அவரைத் தேடி வரும். அழித்தது திரும்பக் கிடைக்குமா? பாஸ்வேர்டை மறந்துவிட்டேன், உள்ளே விடமாட்டேன் என்கிறதே? பாதிக்குப் பாதி அழித்தும் அது அடைத்துக்கொண்ட இடம் குறையவில்லையே, அழிந்ததெல்லாம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது? தூக்கத்தில் பிதற்றுகிறவர்கள் கேட்பதுபோலத்தான் அவருக்குப் படும். அரைத்தூக்கத்திலேயே பதிலும் எழுதிவிடுவார்.

எல்லாம் ஒரே ஒரு டேட்டாபேஸ் மென்பொருளைப் பற்றிய கேள்விகள். முகம் தெரியாத பலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்தது. விவரங்களைக் கட்டம் கட்டமாகப் போட்டு வைத்தால், கேட்கும்போது எடுத்துத் தரும். விலை கிடையாது, அதனால் சந்தேகம் கேட்கப் போய் நிற்க ஒரு கடையும் கிடையாது. தமிழில் கேட்கிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு உண்டு. அங்கே இவர்தான் கதி. "கட்டளை அடித்தேன், ஒன்றுமே நடக்கவில்லை" என்று யாராவது புலம்பாத வாரம் இல்லை. "கடைசியில் அரைப்புள்ளி வையுங்கள்" என்று சளைக்காமல் எழுதுவார். குழுவில் அவர் பெயரே அரைப்புள்ளியார் ஆகிவிட்டது. தப்பான பதில் ஒன்று அங்கே கிடந்தால் மனிதருக்குச் சோறு இறங்காது. எழுதியவன் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் போய்த் திருத்திவிட்டுத்தான் மறுவேலை. வீட்டிலும் அப்படித்தான். மனைவி "ஆறு மணி ஆச்சு" என்றால் "இன்னும் ஆகலை, அஞ்சு அம்பத்தாறு" என்பார். அவளும் கட்டிக்கொண்ட பாவத்துக்குப் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் மேசை போட்டிருந்த அறை அவருடையது அல்ல. வரப்போகும் குழந்தையுடையது. தத்தெடுக்க எழுதிக்கொடுத்து நாலு வருடம் ஓடிவிட்டது. ஜன்னலோரம் தடுப்பு வைத்த சின்னக் கட்டில், அதன்மேல் உறை பிரிக்காத மெத்தை. திரைச்சீலை காற்றில் உப்பும், அடங்கும். அந்தக் கிறக்கத்தில் யாரோ கட்டிலில் புரண்டு படுப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும் அவருக்கு. திரும்பிப் பார்க்கமாட்டார். பார்த்தால் இருக்காது என்று தெரியும்.

கூடத்தில் மனைவி குழந்தைகள் காப்பகத்துக்கு போன் செய்வது கேட்கும்.

"மேடம், ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சிட்டோம். எழுதிக்கிறீங்களா?"

வைத்ததும் இவர் ஆரம்பிப்பார். "ஏம்மா, இப்படி வாரா வாரம் அவங்க உயிரை எடுக்கறியே. சும்மா இருந்தா வர்றது தானா வரும்."

"சும்மா இருந்தா மறந்துடுவாங்க. நமக்கு அப்புறம் எழுதிக் குடுத்தவங்க வீட்லல்லாம் குழந்தை ஓடியாடுது. நாம என்னங்க குறை வச்சோம்?"

அவர் கீபோர்டுப் பக்கம் திரும்பி, குழுவில் வேறு யாரோ கேட்டதற்குப் பதில் எழுத ஆரம்பிப்பார்.

ஒரு மதியம், கண் செருகிக்கொண்டிருந்தபோது, குழுவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண் கேட்டிருந்தாள்.

"ஐயா, நான் ஓர் அலுவலகத்தில் விவரங்களைப் பதிகிற வேலை பார்க்கிறேன். காத்திருப்பவர்களின் பட்டியலைத் திரையில் வரவழைத்து, மேலே இருப்பவரைத்தான் முதலில் கூப்பிடுவோம். ஆனால் இன்று மேலே இருப்பவர் நாளை அடியில் இருக்கிறார். ஏன் வரிசை மாறுகிறது?"

அரைப்புள்ளியார் கொட்டாவி விட்டபடி எழுதினார். "வரிசை மாறவில்லை. வரிசை என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. நீங்கள் கேட்டால்தான் வரிசைப்படுத்தித் தரும். கேட்காவிட்டால் கையில் அகப்பட்டபடி தரும். ஒருவருடைய விவரத்தைத் திருத்தினால் பழையதை ஒதுக்கிவிட்டு, புதிதாக எழுதி, இடம் இருக்கிற பக்கம் வைக்கும். பெரும்பாலும் அது கடைசியாகத்தான் இருக்கும்."

உடனே பதில் வந்தது. "ஐயோ, அப்படியா! ஓர் அம்மா வாரம் தவறாமல் போன் செய்வார். ஜன்னலுக்கு வலை அடித்தோம் என்பார், மாடியிலிருந்து கீழ்வீட்டுக்கு மாறிவிட்டோம் என்பார். ஆசையாகச் சொல்கிறாரே என்று நானும் உடனுக்குடன் பதிவேன். போன மாதம் அறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்ததாகச் சொன்னார். மறுநாளே கூப்பிட்டு, மஞ்சள் இல்லை, இளம்பச்சையாம், வீட்டுக்காரர் சொல்கிறார், மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். பாவம், அவர் எப்போதும் அடியிலேயே கிடக்கிறார். மெஷினுக்கு அவரைப் பிடிக்கவில்லையோ என்றுகூட நினைத்தேன்."

அவர் தலை தூக்கிச் சுவரைப் பார்த்தார். இளம்பச்சை. மஞ்சள் என்று மனைவி போனில் சந்தோஷமாகச் சொன்னபோது, "பச்சையைப் போய் மஞ்சள்னு சொல்லியிருக்கியே, மாத்தச் சொல்லு" என்று விடாமல் நச்சரித்தவர் அவர்தான்.

கண்ணை மூடினார். வெள்ளையாய் ஒரு வெளி, அதில் முடிவு தெரியாத ஒரு வரிசை. முன்னால் நின்ற அவர் மனைவி கையைத் தூக்கி, "நாங்க இருக்கோம்" என்கிறாள். யாரோ அவள் கையைப் பிடித்து, கோபமே இல்லாமல், மெல்லக் கடைசிக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். மறுபடி ஊர்ந்து ஊர்ந்து முன்னால் வருகிறாள். மறுபடி கையைத் தூக்குகிறாள். பக்கத்தில் நின்றுகொண்டு அவர் அவளுடைய உச்சரிப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறார். விழித்தபோது சட்டைக் காலர் ஈரமாக இருந்தது. அழுதிருக்கிறார்.

"அது நாங்கள்தான்" என்று எழுதினார். அழித்தார். அப்படிச் சொன்னால், இதே மாதிரி காத்துக்கொண்டிருக்கிற யாரையோ முண்டியடித்துக்கொண்டு போனதாகிவிடும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதினார்: கட்டளையின் முடிவில், வரிசைப்படுத்தச் சொல்லும் ஆர்டர் பை என்பதைப் போட்டு, பக்கத்தில் அவர்கள் முதன்முதலில் விண்ணப்பித்த தேதியைக் குறிப்பிடுங்கள். அனுப்பும் முன் ஒரு வரி சேர்த்தார். "அந்த அம்மாவை மெஷினுக்குப் பிடிக்காமல் இல்லை."

"செய்து பார்த்தேன் ஐயா, வரிசை வந்துவிட்டது" என்று சாயங்காலம் அவள் எழுதினாள். "அந்த அம்மா எங்கே இருக்கிறார் தெரியுமா? எல்லாருக்கும் மேலே. பெரிய மேடமே பார்த்து அதிர்ந்துவிட்டார்."

அந்த வாரம் முழுக்க அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மனைவியிடம் சொல்லலாமா என்று வாயெடுப்பார், விழுங்கிவிடுவார். நாலு வருடமாக நீ ஆசைப்பட்டு ஆசைப்பட்டுச் சொன்னதுதான் நம்மைத் தள்ளி வைத்தது என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு மதியம் கூடத்தில் போன் அடித்தது. மனைவி எடுத்துப் பேசினாள். பிறகு அவள் அறை வாசலில் வந்து நின்றாள், முகமெல்லாம் கண்ணீர்.

"பொண்ணுங்க. பத்து மாசமாம். நாளைக்கு வந்து பாக்கச் சொல்றாங்க." சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "போன் பண்ணாத, போன் பண்ணாதன்னு என்னா பேச்சு பேசினீங்க! இப்ப பாத்தீங்களா? நான் விடாம போன் பண்ணதாலதான் கெடைச்சுது."

அவர் வாயைத் திறந்தார். தப்பான பதில் கண் முன்னால், அறைக்கு நடுவே, அவ்வளவு பிரகாசமாக நின்றுகொண்டிருந்தது. எழுந்து போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஆமாம்மா," என்றார். "அதனாலதான்."