கத்தி படாத ஜனாஸா

பாடசாலை மண்டபத்தில் யாரோ ஒரு இரும்புக் கதிரையைத் தவறவிட்டார்கள். வேறொன்றுமில்லை, ஒரு கதிரை. ஆனால் அது விழுந்த சத்தத்தில் ஹாஜறா திடுக்கிட்டுத் திரும்பினாள். வரிசையில் நின்ற மகளின் முகத்தைப் பதறிப்போய்ப் பார்த்தாள். அம்ஹா தோழியோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். அல்ஹம்துலில்லாஹ், விழவில்லை.

பெருநாளன்று பக்கத்து வீட்டில் வெடி கொளுத்தியபோது விழுந்தவள் அவள். பிறகொரு விடியற்காலை தலைமாட்டில் போன் அலறியதும் விழுந்தாள். கண் செருகி, கை கால் இழுத்து, உதடு நீலம் பாய்ந்து கிடப்பாள். பிறகு தானே எழும்பி, "என்னும்மா, ஏன் அழுறீங்க?" என்று கேட்பாள். வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்ததா என்று டொக்டர் விசாரித்தபோது அவளேதான் முந்திக்கொண்டாள்: "எங்கட காக்காவுக்கு இருந்த. அதாலதான் மௌத்தாகின." பிள்ளை பொய் சொல்லவில்லை, தனக்குச் சொல்லப்பட்டதைத் திருப்பிச் சொன்னாள். வலிப்புக் குளிசை கொடுத்தார்கள். அதை வேளை தவறாமல் விழுங்கியும் மறுபடி விழுந்தாள்.

ஆனால் இறந்துபோன அந்தத் தமையன் பஸாலுக்கு வலிப்பே இருந்ததில்லை. அது தெரிந்தவர்கள் இருவர். ஒருத்தி பெற்றவள். மற்றவர் பெற்றவளின் காக்கா, அவளுக்கு மூத்த சகோதரர் ஜவாத் ஹாஜியார்.

போன வருடம் கடற்கரைத் திடலில் பந்தோடு ஓடியவன் ஓடிய வாக்கில் குப்புற விழுந்தான். சுற்றி நின்றவர்களில் ஒருவராவது அவன் நெஞ்சில் கை வைத்து அமுக்கினார்களா? இல்லையே! வெயில் மயக்கம் என்றார்கள். விசிறினார்கள், வாயில் தண்ணீர் ஊற்றினார்கள், கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது எல்லாம் முடிந்திருந்தது.

இளம் வயதுச் சாவு, உடலை வெட்டிப் பார்க்கவேண்டும் என்றார் மரண விசாரணை அதிகாரி. ஜவாத் ஹாஜியார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், வாய்ச்சொல்லுக்குக் குறைவில்லாதவர். "எண்ட மருமகன்ட மேல கத்தி பட விடமாட்டன்" என்று நின்றார். நின்றதோடு விட்டாரா? "சேர், அவருக்குச் சின்ன வயசிலேயே வலிப்பு இருந்த" என்று கூசாமல் ஒரு போடு போட்டார். அதிகாரி ஹாஜறாவைப் பார்த்தார். "உண்மையா உம்மா?"

அவள் தலையாட்டினாள். பிள்ளையைக் கிழிக்காமல் மண்ணில் வைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. பின்னேர அஸர் தொழுகைக்கு முந்தியே ஜனாஸா அடக்கமாயிற்று. ஹாஜியாரை ஊரே மெச்சியது. கட்டாரிலிருந்து பதறி வந்த புருசன் காலிதீனுக்கும் ஒரு கதை வேண்டியிருந்தது: "வலிப்பெண்டு அப்ப சொன்னா நீங்க கவலப்படுவீங்க எண்டு சொல்லாம உட்ட." ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க ஒன்பது பொய் என்று சும்மாவா சொன்னார்கள்!

இன்றைக்குப் பாடசாலையில் இளம் பிள்ளைகளுக்கான இதயப் பரிசோதனை முகாம். அதை ஒழுங்கு செய்தவரும் ஹாஜியார்தான். டொக்டர்மாருக்குத் தேத்தண்ணி கொடுப்பதும் படம் பிடிக்கச் சொல்வதுமாக ஓடித்திரிந்தார். ஆனால் அதே பாடசாலையில் படிக்கும் தன் மகள் றுமானாவை மட்டும் வரிசைக்கு அனுப்பவில்லை. நெஞ்சு வருத்தம் என்று பெயர் வந்தால் நாளைக்கு யார் மாப்பிள்ளை தருவார்கள்? ஊரான் பிள்ளைகளுக்குத்தான் முகாம்.

அம்ஹாவின் முறை வந்தது. டொக்டர் கேசினி பக்கத்து ஊர் பெரியநீலாவணைப் பிள்ளை, சிரித்த முகம். மறைப்புச் சீலைக்குப் பின்னால் வயர்களை ஒட்டி, இதயத் துடிப்பின் கோடு விழுந்த கட்டம் போட்ட கடதாசி வந்ததும் எடுத்துப் பார்த்தாள். சிரிப்பு குறைந்தது.

"குடும்பத்தில ஆராவது இளம் வயசில திடீரெண்டு செத்தவங்களா உம்மா?"

ஹாஜறா வாயைத் திறக்குமுன் சீலைக்கு வெளியே நின்ற ஹாஜியார் பதில் சொன்னார். "தமையன் ஒருத்தன் மிஸ். அது வலிப்பு."

"விழக்குள்ள அவர் என்ன செய்துகொண்டிருந்தவர்?"

"பந்தடிச்சவர்" என்றாள் அம்ஹா. "நான் சத்தம் கேட்டாத்தான் விழுற டொக்டர்."

கேசினி கடதாசியைக் கீழே வைத்தாள். "வலிப்பு எண்டு எந்த டொக்டர் சொன்ன?"

ஹாஜியார் சீலையை விலக்கித் தங்கையை ஒரு பார்வை பார்த்தார். சின்ன வயதிலிருந்து அவளை அடக்கிவைத்த பார்வை. உண்மை வெளியே வந்தால் காக்காவின் மானம் போகும். புருசன் முகத்தில் எப்படி விழிப்பது? அதிகாரியிடம் பொய் சொன்னவள் என்று ஊர் காறித் துப்பும். துப்பட்டும். அடுத்த முறை விழும் பிள்ளை எழும்பாமல் போனால் இந்த ஊரா பெற்றுத்தரும்? அவளுக்குப் பற்றி எரிந்தது.

"வலிப்பு இல்ல டொக்டர். அவனுக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்ல. வெட்டக்கூடாது எண்டு நாங்க பொய் சொன்ன."

"புள்ள போன கவலையில என்னமோ உளறுறா மிஸ்..."

"காக்கா, வாய மூடுங்க!"

பிறந்ததிலிருந்து அவள் அவரிடம் அப்படிக் கதைத்ததில்லை. ஹாஜியாருக்கு முகம் கறுத்துவிட்டது.

கேசினி அவளுடைய கையைப் பிடித்தாள். "இந்தத் துடிப்புக் கோட்டில இடைவெளி கொஞ்சம்தான் நீளம். இத மட்டும் பாத்திருந்தா மறுகா ஒரு நாள் வாங்க எண்டு அனுப்பியிருப்பன். இப்ப அனுப்பமாட்டன். இது வலிப்பில்ல, இதயத்தின்ர மின்சாரத்தில பிழை. சத்தத்தில, ஓட்டத்தில, நீச்சலில துடிப்பு குழம்பி நிண்டுபோகும். இண்டைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். மருந்திரிக்கு, பயப்படாதீங்க." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "இது ரத்தத்தோட வாறது. உங்கட கூடப்பிறந்தவங்களில ஆராவது...?"

"நபீஸா" என்றார் ஹாஜியார்.

அவருடைய குரலா அது? "எங்கட தங்கச்சி. கடல்ல குளிக்கக்குள்ள போனவ. இடுப்பளவு தண்ணி மிஸ். நீந்தத் தெரிஞ்ச புள்ள. ஜின் பிசாசு இழுத்திட்டு எண்டு அண்டைக்குச் சொன்ன..."

"உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கா ஹாஜியார்?"

வெளியே மைதானத்தில் விசில் கேட்டது. விளையாட்டுப் போட்டிக்கான ஓட்டப் பயிற்சி. அதில் றுமானாவும் ஓடுகிறாள். அதை நினைத்ததும் மனிதர் செருப்பையும் மறந்து சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஹாஜறாவும் பின்னால் ஓடினாள்.

ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் குறுக்கே பாய்ந்து மகளைப் பிடித்தார். "வாப்பா, என்ன இது? எல்லாரும் பாக்கிறாங்க, வெக்கமா கிடக்கு!" என்று அவள் கையை உதறினாள். அவர் விடவில்லை. மூச்சு வாங்க, தங்கையைத் திரும்பிப் பார்த்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"நீ அண்டைக்கே அந்த அதிகாரிக்கிட்ட சொல்லியிருக்கப்படாதா ஹாஜறா?"

எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! அவளுக்கு வந்த ஆத்திரத்தில் நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருக்கலாம். ஆனால் அவளும்தானே தலையாட்டினாள். மருமகளின் மறுகையைப் பிடித்துக்கொண்டு, "மெல்லமா நடங்க மகள், ஓடப்படாது" என்றாள்.

றுமானாவைப் படுக்கவைத்து வயர்களை ஒட்டினார்கள். இயந்திரம் கடதாசியைத் தள்ளியது. கேசினி அதைப் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள். அம்ஹாவுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"டொக்டர், எண்ட புள்ளைக்கு ஒண்டுமில்லத்தானே?"

கேசினி எழும்பித் தன் கதிரையை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"முதல்ல நீங்க இருங்க ஹாஜியார்."